திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள்: இன்றைக்கும் வாங்கலாமா?

பாட்டு கேட்க மட்டும் தனியாக ஒரு கருவி, அதிலும் திரையே இல்லாத ஒன்று, ஃபோன் கையில் இருக்கும்போது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நடக்கும்போது, ஓடும்போது, கை வேலையாக இருக்கும்போது பாட்டு கேட்கிறவர் என்றால் இதைவிட நல்லது கிடையாது என்பது என் கருத்து. உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொரு பாட்டாகத் தேடிப் போட்டுக் கேட்கிறவர் என்றால் வாங்கவே வேண்டாம். நான் இங்கே பேசுவது ஆப்பிள் நிறுவனம் செய்த ஐபாட் ஷஃபிளின் நான்காம் தலைமுறையைப் பற்றி. 2010 செப்டம்பரில் வந்து, 2017 ஜூலையில், திரை உள்ள ஐபாட் நானோவோடு சேர்த்து நிறுத்தப்பட்ட அந்தச் சதுரக் குட்டி. புதிதாக இனி வராது, ஆனால் பழையது இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் வடிவத்தைப் பார்த்துச் செய்த மலிவுக் கருவிகளும் நிறைய உண்டு, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு. அகலம் 31.6 மி.மீ., உயரம் 29 மி.மீ., பின்னால் உள்ள கிளிப்பையும் சேர்த்துத் தடிமன் 8.7 மி.மீ., எடை 12.5 கிராம். எண்ணாகப் படித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது, சட்டையில் மாட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தால்தான் இந்த 12.5 கிராமின் அருமை புரியும். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினால் அது தொடையில் அடித்துக்கொண்டே வரும், கையில் பட்டை கட்டி அதில் வைத்தால் வியர்வையில் வழுக்கும், ஷஃபிள் இருக்கிற இடமே தெரியாது. காலரில், தோள்பட்டைத் துணியில், தொப்பியின் ஓரத்தில், எங்கே வேண்டுமானாலும் கடிக்கும். இன்னொரு வசதி, காதுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுவதால் இயர்ஃபோன் ஒயர் இடுப்பு வரை தொங்க வேண்டியதில்லை, கை பட்டுக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதும் இல்லை. உடம்பு அலுமினியம், கிளிப்பும் அலுமினியம், கிளிப்பின் ஸ்பிரிங் நல்ல அழுத்தம் உள்ளது.

இப்போது பொத்தான்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் திரை இல்லாத கருவி ஒன்று நல்லதா மோசமா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது பொத்தான்தான். முன்பக்கத்தில் ஒரு வட்டம், நடுவில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பொத்தான், மேலே அழுத்தினால் சத்தம் கூடும், கீழே அழுத்தினால் குறையும், வலம் அடுத்த பாட்டு, இடம் முந்தைய பாட்டு. அவ்வளவுதான். துணியின் மேலாகத் தடவினாலே எது எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும், கண் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அழுத்தும்போது ‘டிக்’ என்று விரலில் உணர முடிகிற அழுத்தம், அதனால் அழுத்தினோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. தொடுதிரை ஃபோனில் பையிலிருந்து எடுத்து, ஈரக் கையைத் துடைத்து, பூட்டைத் திறந்து, அடுத்த பாட்டைத் தொட்டு, திரும்ப உள்ளே வைக்கிற நேரத்தில் இதில் ஐந்து பாட்டைத் தாண்டியிருப்பேன். கூட்டத்தில் எதிலாவது உரசிப் பொத்தான் அழுந்திவிடும் என்று பயமாக இருந்தால் நடுப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளும், விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மூன்று முறை மினுக்கும், அதேபோல் பிடித்தால் திறந்துகொண்டு பச்சையில் மினுக்கும்.

பொத்தானுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் கொடுக்கிறேன் என்றால், இந்த ஷஃபிளின் வரலாறே அதைத்தான் சொல்கிறது. 2005 ஜனவரியில் வந்த முதல் தலைமுறை, யுஎஸ்பி குச்சி வடிவத்தில், 22 கிராம், கழுத்தில் கயிற்றில் தொங்கவிடலாம், முன்னால் இதே மாதிரி ஒரு வட்டம். 512 எம்பி, 1 ஜிபி என்று இரண்டு வகை. திரை வைத்தால் இந்த அளவில் ஒன்றும் உருப்படியாகப் பார்க்க முடியாது, அதனால் வேண்டாம், பாட்டைக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் எடுத்த முடிவு, நல்ல முடிவு. 2006 செப்டம்பரில் இரண்டாம் தலைமுறையை அறிவித்தார்கள், கிளிப் அப்போதுதான் சேர்ந்தது, உடம்பு அலுமினியம் ஆனது, வட்டம் அப்படியே இருந்தது. 2009 மார்ச்சில் மூன்றாம் தலைமுறையில் என்ன தோன்றியதோ, முகத்தில் இருந்த பொத்தான்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். எடை 10.7 கிராமாகக் குறைந்தது, இடம் 4 ஜிபியாகக் கூடியது, ஆனால் எல்லாக் கட்டுப்பாடும் இயர்ஃபோன் ஒயரில் இருந்த சின்ன ரிமோட்டுக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு முறை அழுத்தினால் ஓடும் அல்லது நிற்கும், இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு, மூன்று முறை அழுத்தினால் முந்தைய பாட்டு. ரிமோட் இல்லாத சாதாரண இயர்ஃபோனைச் செருகினால் பாட்டு ஓடும், சத்தத்தைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, அடுத்த பாட்டுக்குத் தாண்டவும் முடியாது. உங்களுக்குப் பிடித்த நல்ல இயர்ஃபோன் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தாலும் அது இதற்கு உதவாது, நடுவில் ஒரு இணைப்பு வாங்க வேண்டும். பழையது வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் அறிவுரை, மூன்றாம் தலைமுறை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். ஒன்றரை வருடத்தில் வட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து நான்காம் தலைமுறையை வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு 2017 வரை வடிவத்தை மாற்றவே இல்லை, நிறங்களைத்தான் மாற்றினார்கள். திரையை எடுத்துவிடலாம், பொத்தானையும் சேர்த்து எடுத்தால் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

மூன்றாம் தலைமுறை கொடுத்துவிட்டுப் போன நல்ல விஷயம் ஒன்று உண்டு, அதுதான் வாய்ஸ்ஓவர் என்கிற குரல் வசதி. நான்காம் தலைமுறையில் அதற்கென்று மேல்விளிம்பில் தனிப் பொத்தானே இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு சற்றுச் சன்னமாகி, அதன் மேல் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒரு குரல் சொல்லும். இரண்டு முறை அழுத்தினால் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அழுத்திப் பிடித்தால் நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் பட்டியல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும், வேண்டியது வரும்போது நடுப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பட்டியல் ஓட ஆரம்பிக்கும். இந்தப் பேச்சைக் கருவி தானாக உருவாக்குவதில்லை, பாட்டு ஏற்றும்போது கணினியே அந்தப் பெயர்களைப் பேச்சாக மாற்றிப் பாட்டோடு சேர்த்து உள்ளே அனுப்பிவிடுகிறது. அதனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தால் அந்தக் குரல் அதை ஆங்கிலப் பாணியில்தான் வாசிக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு, பாட்டுக் கோப்பின் பெயர் விவரத்தில் எங்கிருந்து இறக்கியது, எத்தனை கேபிபிஎஸ் (ஒலித்தரத்தைக் காட்டும் எண்) என்றெல்லாம் குப்பை சேர்ந்திருந்தால் அத்தனையையும் ஒரு எழுத்து விடாமல் படிக்கும், கேட்கச் சகிக்காது. ஏற்றுவதற்கு முன்னால் பெயர்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். பட்டியல்களுக்கு ஒரே சொல்லில், ஒன்றுக்கொன்று ஒலியில் வித்தியாசம் தெரிகிற மாதிரி பெயர் வையுங்கள், ஐந்தாறு பட்டியலுக்கு மேல் போகாதீர்கள்.

பார்வை இல்லாதவர்களுக்கு இந்தக் கருவி எவ்வளவு பொருத்தம் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது என் ஆதங்கம். வழவழவென்ற கண்ணாடியில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, எல்லாப் பொத்தானும் தொட்டு அறிகிறபடி இருக்கிறது, பெயர் காதில் வருகிறது. கண் தெரிகிறவருக்கும் தெரியாதவருக்கும் இதைப் பயன்படுத்தும் முறையில் துளி வித்தியாசம் இல்லை. இப்படிச் செய்த பாட்டுக் கருவிகள் மிகக் குறைவு.

அப்புறம் பேட்டரி. நிறுவனம் சொன்ன கணக்கு 15 மணி நேரம், புதிதாக இருந்தபோது அது பொய் இல்லை. இதில் எனக்கு வியப்பாக இருப்பது அந்தப் பேட்டரியின் அளவுதான். உள்ளே இருப்பது சுமார் 50 மில்லி ஆம்பியர் மணி. இன்றைய ஃபோன்களில் 4000, 5000 என்று போடுகிறார்கள், அதில் நூறில் ஒரு பங்கு. 50-ஐ 15 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரியாக 3.5 மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தில் இது பாடிக்கொண்டிருக்கிறது. திரையும் வலைத்தொடர்பும் இல்லாவிட்டால் பாட்டுக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம்தான் தேவை என்பது இதில் தெரிந்துவிடுகிறது. சார்ஜ் ஏற இரண்டு மணி நேரத்தில் 80 சதவீதம், மூன்று மணி நேரத்தில் முழுமை. ஆனால் இந்தச் சின்னப் பேட்டரியே பெரிய குறையும் ஆகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இந்தக் கருவியின் பெயருக்கே காரணமான விஷயத்துக்கு வருவோம். மேலே ஒரு தள்ளு சுவிட்ச், மூன்று நிலை: நிறுத்தம், வரிசைப்படி, கலைத்துப் போட்டது. கலைத்துப் போடும்போது சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்குவது போலத்தான், எல்லாப் பாட்டும் ஒரு சுற்று வந்த பிறகே திரும்ப வரும். இதில் எல்லாருக்கும் வரும் புகார் ஒன்று, ‘ஒரே பாடகரையே திரும்பத் திரும்பப் போடுகிறது, இது ஒழுங்காகக் கலைக்கவில்லை’ என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பாடகர்கள், ஆளுக்கு 10 பாட்டு, மொத்தம் 200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டு முடிந்தால் மிச்சம் 199, அதில் அதே பாடகருடையது 9, ஆக அடுத்ததும் அவரே வர வாய்ப்பு சுமார் 4.5 சதவீதம். கொஞ்சமாகத் தெரிகிறது, ஆனால் ஒரு மூச்சில் 30 பாட்டு கேட்டால் அடுத்தடுத்த ஜோடி 29 இருக்கிறது, அப்படியானால் சராசரியாக ஒரு தடவைக்கு மேலேயே ஒரே பாடகர் தொடர்ந்து வருவார். அது பழுது இல்லை, நன்றாகக் கலைத்தால் அப்படித்தான் வரும், வராமல் இருந்தால்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் புகார் எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், 2005-இல் ஐடியூன்ஸ் என்ற ஆப்பிளின் பாட்டு மென்பொருளில் ஒரே பாடகர் தொடர்ந்து வரும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கவே ஒரு வசதி சேர்த்தார்கள். மனிதக் காதுக்குச் சீராகப் பரவியிருப்பதுதான் கலந்ததாகத் தோன்றுகிறது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கருவியில் 2 ஜிபி. 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, நான்கு நிமிடப் பாட்டு 4 எம்பிக்குக் கிட்டே, ஆக 500 பாட்டு வரை கொள்ளும். 320 கேபிபிஎஸ் என்றால் 200 தான். திரை இல்லாத கருவியில் 500 பாட்டை நிரப்பி அதில் ஒன்றைத் தேடுவது நடக்காத காரியம். ஒரு அழுத்தலுக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் முழுவதையும் தாண்ட எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் ஒரு விநாடியில் அடையாளம் கண்டால். அதனால் இதன் கொள்ளளவு 2 ஜிபி என்றாலும் பயன்படும் கொள்ளளவு அதைவிடக் குறைவு என்றுதான் சொல்வேன். நூறு, நூற்றைம்பது பாட்டு, ஒவ்வொன்றும் தாண்டத் தோன்றாத பாட்டாக இருக்க வேண்டும். ஃபோனில் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு பத்தில் எட்டைத் தாண்டிக்கொண்டே போவது பழகிவிட்டது, இதில் அப்படிச் செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஏற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து பொறுக்க வேண்டும், எது காலை நடைக்கு, எது நீண்ட பயணத்துக்கு, எதெல்லாம் ஒருகாலத்தில் பிடித்து இப்போது அலுத்துவிட்டது என்று. இதைக் குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுக்குகிற வேலையே பிடித்திருக்கிறது. நானே பொறுக்கி எடுத்தவை என்பதால் எது வந்தாலும் சந்தோஷம், எது வரும் என்று தெரியாததும் சந்தோஷம், பாதி மறந்துபோன பாட்டு ஒன்று திடீரென்று வரும்போது அடுத்தது என்ன என்று கையை நீட்டிப் பார்க்கத் திரையும் இல்லாததால் அந்தப் பாட்டையே முழுசாகக் கேட்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை பாதியை மாற்றிவிட்டால் அலுக்காது. ஐடியூன்ஸில் தானாக நிரப்பும் வசதி இருக்கிறது, அதை நம்பாதீர்கள், உங்கள் தொகுப்பில் இருக்கிற அறிமுக வசனம், பாதி வெட்டுப்பட்ட கோப்பு என்று எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஏற்றும்போது கட்டாயம் செய்ய வேண்டிய இன்னொன்று, ‘சவுண்ட் செக்’ என்கிற அமைப்பை இயக்குவது. ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு சத்தத்தில் பதிவாகியிருக்கும், பழைய பாட்டு மெதுவாகவும் புதிய பாட்டு அலறலாகவும் வரும், கலைத்துப் போட்டுக் கேட்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில் காதில் அறைந்த மாதிரி இருக்கும். இந்த அமைப்பு எல்லாவற்றையும் ஓரளவு ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதேபோல் அதிகபட்சச் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதியும் இருக்கிறது, அதையும் வைத்துவிடுங்கள். திரை இல்லாததால் எத்தனையில் வைத்துக் கேட்கிறோம் என்ற எண் கண்ணில் படுவதே இல்லை, இரைச்சலான இடத்தில் கூட்டியதை அமைதியான இடத்துக்கு வந்தும் குறைக்காமல் விட்டுவிடுவோம். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல். குழந்தைக்கு இதைக் கொடுக்கிறவர்கள் வரம்பை வைக்காமல் கொடுக்கவே கூடாது.

ஒலித்தரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரண இயர்ஃபோனுக்குத் தெளிவான, நிறைவான ஒலி. அதிக சக்தி கேட்கும் 250, 300 ஓம் பெரிய ஹெட்ஃபோனை எல்லாம் இதில் மாட்டி எதிர்பார்க்கக் கூடாது. கோப்பு வகைகளில் எம்பி3, ஏஏசி, வேவ், ஆப்பிள் லாஸ்லெஸ் எல்லாம் ஓடும், ஃபிளாக் ஓடாது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் மாற்றிக்கொள்ளும் ஈக்வலைசர் கிடையாது.

குறைகளில் முதலாவது, பேச்சுக் கேட்பவர்களுக்கு இது சரிப்படாது. ஒலிப்புத்தகம், நீண்ட உரை, பாட்காஸ்ட் எல்லாம் ஓடத்தான் செய்யும், ஆனால் ஒரு மணி நேர உரையில் 37-ஆம் நிமிடத்துக்குப் போக வேண்டும் என்றால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு காதால் குத்துமதிப்பாகத்தான் போக வேண்டும், எங்கே நிற்கிறோம் என்று காட்ட ஒன்றும் இல்லை. பாட்டு நான்கு நிமிடம், தவறினால் போகட்டும் என்று விட்டுவிடலாம், பேச்சில் அது முடியாது. இசை கற்கிறவர்கள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் இது ஆகாது.

இரண்டாவது, பாட்டு ஏற்றுகிற முறை. இது பென்டிரைவ் இல்லை, கோப்பை இழுத்துப் போட்டால் ஓடாது. ஐடியூன்ஸ் வழியாகத்தான் ஏற்ற வேண்டும், ஏனென்றால் பாட்டுகளின் பட்டியலைத் தனி ஒரு தரவுக் கோப்பாக எழுதி வைத்தால்தான் கருவிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். மேக் கணினியில் 2019-க்குப் பிறகு ஐடியூன்ஸ் போய், அதே வேலை கோப்புகளைப் பார்க்கும் ஃபைண்டருக்கு மாறிவிட்டது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அந்தத் தரவுக் கோப்பைத் தாங்களே எழுதிக்கொள்ள ஆர்வலர்கள் செய்த சின்ன பைதான் நிரல் ஒன்று திறந்த மூலத்தில் இருக்கிறது. கணினியே இல்லாமல் ஃபோனை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் இதை வாங்கிப் பயனில்லை.

அதைவிடப் பெரியது மூன்றாவது. மாதச் சந்தா கட்டிக் கேட்கிற பாட்டு எதுவும் இதில் ஏறாது, ஆப்பிளின் சொந்தச் சந்தா சேவையில் இறக்கிய பாட்டுகூட ஷஃபிளுக்கும் நானோவுக்கும் ஏறாது, பூட்டுப் போட்ட கோப்பு அது. உங்களுக்கென்று சொந்தமாகக் கோப்பாகப் பாட்டு இருக்க வேண்டும், குறுந்தகட்டிலிருந்து எடுத்ததோ, காசு கொடுத்து வாங்கி இறக்கியதோ. இன்றைக்கு நிறையப் பேரிடம் அப்படி ஒரு தொகுப்பே இல்லை. அவர்களுக்கு இந்தக் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெறும் அலுமினியத் துண்டுதான், முதலில் தொகுப்பைச் சேர்க்க வேண்டும், அதற்குப் பிறகு கருவியை யோசிக்கலாம்.

அடுத்து ஒயர். சார்ஜ் ஏற்றவும் பாட்டு ஏற்றவும் தனி ஓட்டை கிடையாது, இயர்ஃபோன் செருகும் அதே 3.5 மி.மீ. ஓட்டையில்தான் ஒரு சின்ன யுஎஸ்பி ஒயரைச் செருக வேண்டும். ஆக சார்ஜ் ஏறும்போது கேட்க முடியாது. அந்த ஒயரும் வேறு எதற்கும் பயன்படாத வகை, தொலைந்தால் வேறொன்றைத் தேட வேண்டும், இரண்டாம் தலைமுறையின் சார்ஜ் தாங்கி இதற்குச் சேராது. புளூடூத் இல்லை, வானொலி இல்லை, நீர் புகாத் தன்மையும் இல்லை. புளூடூத் இல்லாததை நான் குறையாகப் பார்க்கவில்லை, அது வந்திருந்தால் அந்தக் குட்டிப் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது. ஆனால் ஒயர் இல்லா இயர்ஃபோன் மட்டுமே வைத்திருப்பவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத சதுரக் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்க்க அச்சு அசலாக ஷஃபிள் மாதிரியே இருக்கும், மைக்ரோ எஸ்டி அட்டை போட்டுக்கொள்ளலாம், கோப்பை நேராக இழுத்துப் போடலாம், இந்த இரண்டும் உண்மையிலேயே வசதி. ஆனால் பொத்தான் தொளதொளவென்று ஆடும், குரல் கிடையாது, பலவற்றில் அணைத்துப் போட்டால் விட்ட இடம் மறந்து முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும், இரண்டு பாட்டுக்கு நடுவே அமைதியான இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் கேட்கும். இன்னொரு விசித்திரம், பெயர் வரிசையில் ஓடாமல் அட்டையில் எந்த வரிசையில் நகல் எடுத்தோமோ அந்த வரிசையில் ஓடும், 01, 02 என்று எண் போட்டாலும் கேட்காது. அதற்கு வழி, மொத்தமாகப் போடாமல் ஒவ்வொரு கோப்பாக வரிசையில் நகலெடுப்பது, அல்லது ஃபேட்சார்ட் போன்ற நிரலால் அட்டையில் உள்ள வரிசையைத் திருத்துவது. சின்னக் குழந்தை கையில் கொடுக்க, தொலைந்தாலும் வருத்தப்படாமல் இருக்க, இவை போதும். தினமும் கேட்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீச்சலடிக்கும்போது கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஷஃபிளும் வேண்டாம், அதன் போலியும் வேண்டாம். தண்ணீருக்குள் புளூடூத் அலை போகாது, தண்ணீர் அதை உறிஞ்சிவிடும், அதனால் நீருக்குள் கேட்கப் பாட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற கருவிதான் சரி. சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 அப்படி ஒன்று, காதிலேயே மாட்டிக்கொள்வது, திரை இல்லை, 4 ஜிபி, 12 மணி நேரம், உப்புத் தண்ணீரையும் தாங்கும், மூன்று நிமிடம் சார்ஜ் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும். எலும்பு வழி ஒலி கடத்தும் ஷாக்ஸ் ஓபன்ஸ்விம் இன்னொன்று, அதிலும் 4 ஜிபி, காதுத் துளையை அடைக்காது. சந்தாப் பாட்டை இறக்கிவைத்து ஃபோன் இல்லாமல் ஓட்டும் மைட்டி என்ற கருவியும் வந்தது, யோசனை நல்லதுதான், ஆனால் அப்படிப்பட்ட கருவி வேறொரு நிறுவனத்தின் அனுமதியை நம்பி உயிரோடு இருக்கிறது, அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கோப்பு என் கருவியில் இருந்தால் யாரும் நாளைக்குப் பிடுங்க முடியாது.

பழைய ஷஃபிள் வாங்குவதாக முடிவு செய்தால் நேரில் பார்த்து வாங்குங்கள். முதலில் பேட்டரி. இத்தனை வருடம் ஆன லித்தியம் பேட்டரி பாதித் திறனில் இருந்தால்கூட நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், ஏழெட்டு மணி நேரம் ஓடினால் தாராளம். பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உடம்பு பசையால் ஒட்டி மூடியது, உள்ளே எல்லாம் பற்றவைப்பு, நல்ல கைத்திறன் உள்ளவர் செய்தாலும் பழைய அழகு மிஞ்சுவது கஷ்டம். வருடக்கணக்கில் சார்ஜே போடாமல் கிடந்ததைத் தவிர்த்துவிடுங்கள், முழுசாகக் காலியாகி அப்படியே கிடந்த பேட்டரி பெரும்பாலும் எழுந்திருக்காது. அடுத்து மேலே உள்ள தள்ளு சுவிட்சை மூன்று நிலையிலும் தள்ளிப் பாருங்கள், ஒவ்வொரு நிலையிலும் நின்று பிடிக்க வேண்டும். இயர்ஃபோனைச் செருகி லேசாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு காதில் ஒலி விட்டுவிட்டு வந்தால் ஓட்டை தேய்ந்திருக்கிறது, சார்ஜும் அதே ஓட்டையில்தான் என்பதால் அந்த ஒரு கோளாறு இரண்டு வேலையையும் கெடுக்கும். வட்டத்தின் நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள், குரல் பொத்தானையும் சேர்த்து. கிளிப்பைத் திறந்து மூடி ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஓடும்போது கழன்று விழுந்தால் இந்த அளவுக் கருவியைப் புல்லில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாமல் கொடுத்தால் எடுக்காதீர்கள். வாங்கிய பிறகு, கொஞ்ச நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் சுவிட்சை நிறுத்தத்தில் தள்ளி வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துச் சார்ஜ் போடுங்கள்.